இரண்டு அங்குல மரம்

மரக் கடைசலில் கைதேர்ந்தவர்கள் பேனாவை அவ்வளவாக மதிப்பதில்லை. கட்டில் கால், ஊஞ்சல் தண்டு, மாடிப்படிக் கிராதி, பெரிய கிண்ணம் என்று ஆசையாகப் பேசிக்கொண்டே வருபவர்கள் பேனா என்றதும், "அது கிட் வேலைதானே" என்று முடித்துவிடுவார்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. கூர்முனை, கிளிப், நடு வளையம், திருகினால் ரீஃபிலை வெளியே தள்ளும் பொறி, உள்ளே போகிற பித்தளைக் குழாய்கள் எல்லாம் ஒரே பொட்டலமாகக் கடையில் கிடைக்கின்றன. கடைபவர் தன் பங்குக்குத் தரவேண்டியது தலா இரண்டு அங்குல நீளத்தில் இரண்டு மர உறைகள். அவற்றை உலோகத்தோடு அழுத்திப் பொருத்தினால் பேனா தயார்.

அந்த இரண்டு அங்குலத்தில்தான் நான் விழுந்துகிடக்கிறேன். பழைய நாளில் புலவரைச் சோதிக்க ஈற்றடியைக் கொடுத்துவிட்டு, மேலே உள்ளதைப் பாடி முடி என்பார்கள். பேனாக் கடைசலில் ஈற்றடியோடு முதலடியையும் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு பக்கம் கிளிப் வளையத்தின் அளவு, மறுபக்கம் நடு வளையத்தின் அளவு. இரண்டையும் மீற முடியாது. மயிரிழை கூடினால் மரம் துருத்தும், குறைந்தால் உலோகம் துருத்தும். நடுவில் இருப்பது மட்டும் நம்முடையது. கிண்ணத்தில் ஒரு வளைவு கோணிப்போனால் அதையே வேறு வளைவாக்கி ஒப்பேற்றிவிடலாம். பேனாவில் அப்படி ஒளிய இடமில்லை. கடைபவரின் கை எப்படிப்பட்டது என்பது உடனே தெரிந்துவிடும்.

மெல்லிய வகைப் பேனாவை எடுத்துக்கொள்வோம். ஸ்லிம்லைன் என்பார்கள். புதிதாகத் தொடங்குபவர்களும், விட்டுவிட்டுத் திரும்பி வருபவர்களும் முதலில் கையில் எடுப்பது அதைத்தான். பித்தளைக் குழாயின் வெளிவிட்டம் 7 மில்லிமீட்டர். ஓரத்தில் மரத்தின் விட்டம் எட்டைக் கொஞ்சம் தாண்டும். அப்படியானால் அந்த ஓரத்தில் பித்தளைக்கு மேல் போர்த்தியிருக்கும் மரத்தின் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. தொடங்கும்போது அது முக்கால் அங்குலச் சதுரக் கட்டை. கணக்குப் போட்டுப் பார்த்தால் 90 சதவீதத்துக்கு மேல் துளைத்தூளாகவும் சுருளாகவும் தரைக்குப் போய்விடுகிறது. மிஞ்சுகிற மெல்லிய தோலில்தான் மரத்தின் நிறம், ரேகை, மணம், கடைபவரின் ரசனை எல்லாம் இருந்தாக வேண்டும்.

பலர் இந்த இடத்தை அலங்காரத்தால் நிரப்புகிறார்கள். மணி மணியாக வளையம், கம்பியால் சுட்டெடுத்த கறுப்புக் கோடு, நடுவில் ஒரு தொப்பை. அது கட்டில் காலுக்கு அழகு, ஏனென்றால் கட்டில் காலைத் தள்ளி நின்று பார்க்கிறோம். பேனாவைப் பார்க்கிற நேரத்தைவிடப் பிடித்திருக்கிற நேரம் அதிகம். ஓரத்திலிருந்து நடுவுக்குப் போகும்போது அரை மில்லிமீட்டர், மிஞ்சினால் ஒரு மில்லிமீட்டர் புடைத்து, எங்கே புடைக்கத் தொடங்கியது என்று சொல்ல முடியாதபடி மறுபடி இறங்க வேண்டும். எனக்குப் பிடித்த பேனாக்களில் வேறு வேலைப்பாடே கிடையாது. தப்பான இடத்தில் கால் மில்லிமீட்டர் கூடியிருந்தால் கண் விட்டுவிடும். விரல் விடாது.

நல்ல பேனாவை அடையாளம் காண்பதும் விரலில்தான் தொடங்குகிறது. மரமும் உலோகமும் சேரும் இடத்தில் நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டக் கூடாது. அடுத்து, மேல் உறையின் ரேகை நடு வளையத்தைத் தாண்டிக் கீழ் உறையில் தொடர்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே கட்டையை இரண்டாக அறுத்து, அறுப்பதற்கு முன்பே பென்சிலால் குறிபோட்டு, எந்த முனை எந்த முனையோடு சேரவேண்டும் என்பதைக் கடைசிவரை மறக்காமல் இருந்தவர் செய்த பேனாவில்தான் அது தொடரும். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் உப்புத்தாள் விட்டுப்போன வட்டக் கீறல்கள் தெரியும், இருந்தால். பளபளப்பில் மயங்கி முதலில் இதைப் பார்க்காமல் விட்டுவிடுகிறோம்.

நான் கடைசல் கற்றது பள்ளி விடுமுறைகளில், அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் ஆசாரியிடம். சொப்புச் சாமான் கடையும் பட்டறை. அம்மி, உரல், குடம், திருகை எல்லாம் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில், அரக்குச் சிவப்பும் மஞ்சளுமாக வரிசை கட்டி நிற்கும். அப்புறம் படிப்பு, வேலை, ஊர் மாற்றம். இடையில் ஓடிப்போன காலத்தைக் கணக்குப் பார்க்க விருப்பமில்லை. இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறேன். தெருவுக்குத் தெரு லேத் பட்டறை உள்ள ஊர், ஆனால் அத்தனையும் இரும்புக்கு. மரம் கடைய ஒரு சின்ன லேத் வேண்டும் என்று போனால், பம்ப் உதிரி பாகம் செய்கிறவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "எதுக்குங்க, பம்பரம் விடவா?" என்றார். பேனா செய்ய என்று சொல்லியிருந்தால் இன்னும் சிரித்திருப்பார்.

கடைசலுக்குத் திரும்பி வந்தபோது முதலில் மீண்டது கை என்று நினைப்பீர்கள். காதுதான். கூரான உளி சரியான கோணத்தில் மரத்தில் இறங்கும்போது வருகிற ஓசை ஒரே சீராக இருக்கும். முனை மழுங்கத் தொடங்கியதும் அதில் ஒரு கரகரப்பு ஏறும். ஒட்டிய குழாயை விட்டு மரம் கழன்றிருந்தால் கட்டைக் குரலாக ஒரு அதிர்வு வரும். ஆசாரி பட்டறையின் அந்தக் கோடியில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருப்பார், என் பக்கம் திரும்பவே மாட்டார். "சத்தம் மாறுதுல்லா, கேக்கலியாடே? போய்ச் சாணை பிடிச்சிட்டு வா" என்று மட்டும் குரல் வரும். எனக்கு அப்போது எந்த மாற்றமும் கேட்காது. அது கேட்கத் தொடங்கிய நாளில்தான் கடைசல் பிடிபட்டது என்று சொல்ல வேண்டும். இத்தனை காலம் கழித்தும் அந்தக் காது போகவில்லை. தோளும் மணிக்கட்டும்தான் கொஞ்ச நாள் முரண்டு பிடித்தன.

உளியை மரத்தில் குத்தக் கூடாது, சாத்த வேண்டும். உளியின் கூர்வாய்க்குப் பின்னால் சரிவாகத் தேய்த்த முகம் ஒன்று இருக்கிறதே, அது முதலில் சுழலும் மரத்தில் உராய வேண்டும். பிறகு கைப்பிடியை மெல்ல உயர்த்தினால் கூர்வாய் தானாக மரத்துக்குள் நுழையும். சதுரத்தை உருளையாக்குவது குழிந்த வாயுள்ள உளி. பேனாவின் கடைசி வளைவைத் தருவது சாய்ந்த வாயுள்ள தட்டை உளி. இந்தச் சாய்வுளிக்குக் கடைசல்காரர்களிடையே கெட்ட பெயர் உண்டு. வாயின் கீழ்ப்பாதியில் வெட்டுகிறவரை பவ்யமாக இருக்கும், மேல்முனை மரத்தைத் தொட்டுவிட்டால் ஒரு நொடியில் திருகுச் சுழியாகக் கிழித்துக்கொண்டு ஓடும். ஒரு மில்லிமீட்டர் மரம் மிஞ்சியிருக்கும்போது இப்படி ஓடினால் உள்ளே பித்தளை பல்லிளிக்கும். அதற்குப் பயந்து பலர் பாதியிலேயே உளியை வைத்துவிட்டு உப்புத்தாளைக் கையில் எடுக்கிறார்கள். உப்புத்தாள் வளைவைக் கொண்டுவராது, இருக்கிற வளைவையும் மழுக்கும். ரேகையின் மெத்தென்ற பகுதியை அதிகமாகவும் வைரமான பகுதியைக் குறைவாகவும் தேய்த்து, கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளத்தை உண்டாக்கிவிடும். சாய்வுளியால் முடித்த மரத்துக்கு உப்புத்தாள் பேருக்குத்தான் வேண்டியிருக்கும்.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேனாவை நிமிடத்துக்கு 2,500 சுற்று வரை ஓட்டலாம் என்றால் புதியவர்கள் பயப்படுகிறார்கள். விட்டம் 10 மில்லிமீட்டர்தான் என்பதால், உளியின் வாயைக் கடந்துபோகும் மரம் நிமிடத்துக்கு 80 மீட்டருக்கும் குறைவு, ஆள் நடக்கிற வேகம். அதே சுற்றில் ஒரு அடி அகலக் கிண்ணத்தை ஓட்டினால் அதன் விளிம்பு முப்பது மடங்கு வேகத்தில் பறக்கும். பயப்பட வேண்டியது அதற்குத்தான். பேனாக் கடைசலில் உண்மையான ஆபத்து தூள். மரத்தூளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியான பொருட்களின் வரிசையில் வைத்திருக்கிறது. ஆசாரிகள் தோளில் கிடக்கும் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு காலத்தை ஓட்டினார்கள். நாம் நல்ல முகக்கவசம் வாங்கிக்கொள்வோம்.

மரத்துக்கு வருகிறேன். பேனாவில் எனக்குப் பெரிய ருசியே இதுதான். மேசை செய்யப் பலகை வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். பேனாவுக்கு உடைந்த நாற்காலிக் கால் போதும். காரைக்குடியில் பழைய வீடுகளைப் பிரித்த சாமான் விற்கும் கடைகளில், கதவுக்கும் தூணுக்கும் விலை பேசுகிறவர்கள் கண்டுகொள்ளாத துண்டுகள் மூலையில் கிடக்கும். பர்மாத் தேக்கின் ஒரு சாண் துண்டில் இரண்டு மூன்று பேனா எடுக்கலாம். அறுக்கும் முன் காந்தத்தை ஓட்டிப் பார்ப்பது நல்லது, பழைய மரத்துக்குள் எவனோ அடித்த ஆணி இருக்கும்.

ஆனால் தேக்கு பேனாவில் அத்தனை சோபிப்பதில்லை என்பது என் அபிப்பிராயம். அதன் ரேகை அகலமானது, இந்தச் சின்ன உருளையில் அது விரிய இடமில்லை. நுண்ணிய ரேகையும் அடர்ந்த உடலும் உள்ள மரம்தான் இங்கே பேசும். பூவரசு அப்படிப்பட்டது. சிறுவயதில் அதன் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதியவர்கள் பலர் அதன் நடுமரமான சேகைப் பார்த்திருக்க மாட்டார்கள். செம்பழுப்பும் சாக்லேட் நிறமும் கலந்து ஓடும், உளி பட்டதும் ரோஜாவை நினைவூட்டும் ஒரு மணம் வரும். ஹவாய்த் தீவுகளில் இதே மரத்தை மைலோ என்ற பெயரில் கிண்ணங்களாகக் கடைந்து போற்றுகிறார்கள். நாம் வேலிக்கு நட்டோம். வேம்பு மணக்கும், ஆனால் இழை முன்னும் பின்னும் பின்னிக்கொண்டு ஓடுவதால் உளிக்குப் பிய்ந்து வரும்.

எல்லாவற்றுக்கும் மேலாகப் புளி. கறிக்கடையில் வெட்டுக்கட்டையாக நிற்கிறதே, அந்த மரம். வெளிமரம் வெளிறிய மஞ்சள், நடுவில் சேகு அடர்ந்த ஊதாப் பழுப்பு. வெட்டிப் போட்ட புளிய மரம் மழையில் கிடந்து பூஞ்சை ஏறினால் இன்னும் விசேஷம். உள்ளே வெவ்வேறு பூஞ்சைகள் இடம் பிடிக்கின்றன, ஒன்றின் எல்லைக்குள் இன்னொன்று வராதபடி கறுப்புச் சுவர் எழுப்பிக்கொள்கின்றன. அறுத்துப் பார்த்தால் வெளிர் மரத்தில் பேனாவால் கிறுக்கியதாக மெல்லிய கருங்கோடுகள் ஓடும். உலகம் முழுக்கப் பேனாக் கட்டை விற்கிறவர்கள் இந்தப் பூஞ்சை ஏறிய புளியை ஆசை காட்டி விற்கிறார்கள். நம் ஊரில் அது அடுப்புக்குப் போகிறது. பூஞ்சை கொஞ்சம் அதிகம் தின்றுவிட்டால் மரம் பஞ்சாகிவிடும். சரியான பதத்தில் எடுத்து, நிழலில் உலர்த்தி, மெத்தென்ற இடங்களில் நீர்த்த பசையை ஊற்றி இறுகவிட்டுக் கடைய வேண்டும். இந்தப் பொறுமை இல்லாதவர்களுக்குத்தான் வண்ண வண்ணப் பிளாஸ்டிக் கட்டைகள் இருக்கின்றன. அவற்றில் செய்த பேனாவும் எழுதும்.

உலர்ந்த மரம் ஏன் இத்தனை முக்கியம் என்றால், பித்தளை அசையாது, மரம் அசையும். ஈரம் போகப் போக மரம் நீளவாட்டில் அநேகமாகச் சுருங்குவதில்லை, குறுக்கே சுருங்கும். அதிலும் வளையங்களை ஒட்டிய திசையில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளியே போகும் திசையில் சுருங்குவதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. உள்ளே குழாய் நெகிழாமல் நிற்க, வெளியே ஒரு மில்லிமீட்டர் மரம் இறுகினால் அது வெடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. கடைந்த அன்று கச்சிதமாக இருந்த பேனா அடுத்த கோடையில் நீளமாக விரிசல் விடுவது இதனால்தான்.

தஞ்சை மாவட்டத்து நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் செய்கிறவர்கள் ஆச்சா மரத்தைப் பழைய வீடுகளிலிருந்து தேடி வாங்குவதும் இதே கவலையில்தான். 2022இல் புவிசார் குறியீடு பெற்ற வாத்தியம் அது. நாகஸ்வரத்தின் நீள உடலான உலவும் கடைசலில் உருவாவதே, அதற்கும் துளைதான் உயிர். பேனாவிலும் துளை முதலில், உருவம் பிறகு. கட்டையின் நடுவே துளையிட்டு, குழாயைச் சொரசொரப்பாக்கி அரால்டைட் பூசிச் செருகி, ஓரங்களைக் குழாய்க்குச் செங்குத்தாகச் சீவி, மாண்ட்ரல் என்ற நீளக் கம்பியில் கோத்து, இரண்டு பக்கமும் அளவு காட்டும் புஷ்களைப் போட்ட பிறகுதான் லேத் ஓடும். துளை கோணலாகப் போயிருந்தாலும் பேனா நேராகத்தான் வரும், ரேகை மட்டும் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும். சிலர் இதையே உத்தியாக்கி, கட்டையைச் சாய்வாக அறுத்துத் துளையிடுகிறார்கள். சாதாரண வாகைகூட அப்போது கோடு கோடாக ஓடாமல் நீள்வட்டங்களாக மலர்கிறது.

மெருகைப் பற்றிப் பேசினால் சண்டை வரும், வரட்டும். இப்போது பேனாக் கடைசலில் கோலோச்சுவது ஃபெவிக்விக் வகைப் பசை. சுழலும் மரத்தில் காகிதத் துண்டால் அடுக்கடுக்காகப் பூசி, நீர் தோய்த்த நுண்ணிய தேய்ப்புத் துணிகளால் வரிசையாகத் தேய்த்தால் கண்ணாடி ஆகிவிடும். வியர்வை படாது, கறை படாது, வருடக்கணக்கில் மங்காது. எல்லாம் சரி, ஆனால் கையில் எடுத்தால் மரத்தைத் தொடுகிறோம் என்ற உணர்வே இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் மரத்தின் படம் இருக்கிறது. பூவரசைக் கடைந்து அதன்மேல் பிளாஸ்டிக் போர்த்துவதற்கு, முதலிலேயே பிளாஸ்டிக்கைக் கடைந்திருக்கலாம்.

நான் அரக்குக் கட்சி. அம்பாசமுத்திரத்துச் சொப்பு, கர்நாடகத்துச் சென்னப்பட்டணத்துப் பொம்மை, ஆந்திரத்து ஏட்டிகொப்பாகா பொம்மை மூன்றுக்கும் மினுக்கு ஒன்றேதான். சிறு பூச்சி மரக்கிளையில் சுரக்கிற பிசின் அரக்கு. அதை நிறம் சேர்த்துக் குச்சியாக்கி, சுழலும் மரத்தில் அழுத்திப் பிடித்தால் உராய்வின் சூட்டிலேயே உருகி மரத்தில் படியும். பிறகு தாழை மடலை மடித்து அதே சுழற்சியில் அழுத்தினால் அரக்கு சீராகப் பரவி மினுங்கும். தூரிகை இல்லை, காயவைக்கும் நேரம் இல்லை, பூசிய தடம் இல்லை. சென்னப்பட்டணத்திலும் ஏட்டிகொப்பாகாவிலும் பொம்மைக்கு எடுப்பது வெட்பாலை மரம். தந்த நிறம், வழவழப்பான நெருக்கமான உடல். அதில் மஞ்சள் அரக்கு ஏற்றிய பேனா ஒன்று என் சட்டைப்பையில் இருக்கிறது. குறையையும் சொல்லிவிடுகிறேன்: சாராயச் சத்து அரக்கைக் கரைக்கும். சானிடைசர் பூசிய கையோடு அந்தப் பேனாவை யார் கேட்டாலும் கொடுக்க மாட்டேன்.

கிட் வேலை என்று சிரிப்பவர்களுக்குப் பதில் சொல்ல இன்னொரு வழி, கிட்டே இல்லாமல் பேனா கடைகிறவர்களைக் காட்டுவது. ராஜமுந்திரியில் கே. வி. ரத்னம் 1932இல் தொடங்கிய பட்டறை அந்த வகை. சுதேசிப் பேனா செய்து காந்திக்கு அனுப்பினார். அது போய்ச் சேர்ந்தது தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா மூலம், காந்தி 1935இல் நன்றி எழுதினார். திருவள்ளூரில் ரங்கா பட்டறையும் அதே மரபில் கையால் கடைகிறது. இவர்களுடைய பொருள் பெரும்பாலும் எபோனைட், ரப்பரில் ஏராளமாகக் கந்தகம் சேர்த்து நெடுநேரம் வேகவைத்து இறுக்கியது. மை அதை ஒன்றும் செய்யாது, கைச்சூட்டை உள்ளே விடாது. மூடிக்கும் உடலுக்கும் மரை வெட்டி, நிப் உட்காரும் பகுதியைத் தனியாகக் கடைந்து, சொட்டு சொட்டாக மை நிரப்பும் உடலை ஒரு துளி கசியாமல் மூட வேண்டும். இங்கே முதலடியும் இல்லை, ஈற்றடியும் இல்லை, எல்லாம் கடைபவர் தலையில்.

அவர்களுடைய பேனா ஒன்றை வாங்கிப் பிரித்துப் பார்த்த பிறகு என் மரப் பேனாக்களைப் பற்றிய கர்வம் கொஞ்சம் இறங்கியது. ஆனாலும் இரண்டு அங்குலத்தை விட்டுவிடுவதாக இல்லை. மரத்தில் மரை நிற்காது, அதன் இழை உதிர்ந்துவிடும். அதனால் உடல் மரமாகவும், மரை வரும் இடங்கள் எபோனைட்டாகவும் ஒரு மைப்பேனா செய்து பார்க்கத் திட்டம். எபோனைட் தண்டு வாங்கியாகிவிட்டது. கடையும்போது அதிலிருந்து கிளம்பும் கந்தக நாற்றத்துக்கு வீட்டில் அனுமதி வாங்குவதுதான் பாக்கி. மாடிக்கு லேத்தை ஏற்ற ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.